ஐந்தும் ஒன்றும் ஆறு!

"ஓடீ...! ஓடீ...!"

விடியற்காலை ஐந்து மணி. கும்மிருட்டு. வாசலில் ஒரு பெண் குரல். புது நாடு, புது ஊர், முதல் நாள். சுத்தத் தமிழில் 'ஓடி, ஓடி' என்று ஒரு குரல் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நானும் அதைத்தான் செய்தேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்கதவைத் திறந்து ஓடத் தயாராகிவிட்டேன். யானையோ, சிறுத்தையோ... யார் கண்டது? ஆப்பிரிக்கா ஆச்சே!

எட்டிப் பார்த்தால், வாசலில் பக்கத்து வீட்டு அம்மா. தலையில் தண்ணீர் பக்கெட், முகத்தில் சிரிப்பு. மலாவி கிராமங்களில் காலிங்பெல் ஏது? வாசலில் நின்று 'ஓடி' என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் 'ஓடினி' என்றால் 'வாங்க' என்று அர்த்தம். வந்திருக்கிற வெளிநாட்டுக்காரன் தண்ணீருக்கு என்ன பண்ணுவானோ என்று அடிபம்பில் அடித்துச் சுமந்து வந்திருக்கிறார். அவர் என்னை வரவேற்கத்தான் வந்தார். நான் ஓடத்தான் பார்த்தேன்.

நான் அங்கே போனது 2016 ஜூலையில். வேலை: கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி. சம்பளம்: கிடையாது. தங்க இடமும் சாப்பாட்டுச் செலவுக்குப் பணமும் மட்டும். தொண்டர் வேலை.

ஊரில் மேனேஜரிடம் லீவு லெட்டர் நீட்டியபோது, "எத்தனை நாள்?" என்றார்.

"ரெண்டு வருஷம் சார்."

"யோவ், உன் கல்யாணத்துக்கே மூணு நாள்தானேய்யா குடுத்தேன்!"

பக்கத்து சீட் நண்பன் காதோரம் வந்து, "டாலர்ல குடுப்பாங்களாடா?" என்று கேட்டான். ஒன்றும் கிடையாது என்றதும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான், காய்ச்சலா என்று.

* * *

மலாவி, தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் கடலே இல்லாத நாடு. பரப்பளவில் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சின்னது. அதிலும் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்! மலாவி ஏரி அவ்வளவு பெரிசு. நீளம் 365 மைல், அகலம் 52 மைல் என்று கணக்குச் சொல்லி 'காலண்டர் ஏரி' என்று அதற்குச் செல்லப் பெயர். 1964-இல் சுதந்திரம் வாங்கும்வரை நாட்டின் பெயர் நியாசாலாந்து.

என்னைப் போட்ட இடம் டெட்ஸா மாவட்டம். தலைநகர் லிலாங்வேயிலிருந்து தெற்கே போகிற நெடுஞ்சாலையில் இருக்கிறது. அந்தச் சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் வேடிக்கை. சாலையின் இந்தப் பக்கம் மலாவி, அந்தப் பக்கம் மொசாம்பிக். எதிர்க்கடையில் சோப்பு வாங்கினால் வெளிநாட்டுப் பயணம்!

ஆப்பிரிக்கா என்றால் வெயில்தானே என்று அரை டஜன் பருத்திச் சட்டையோடு போய் இறங்கினேன். டெட்ஸா கிட்டத்தட்ட நம் ஏற்காட்டு உயரம். அங்கே ஜூலை, குளிர்காலம். முதல் வாரம் இரண்டு சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு திரிந்தேன். ஊர்க்காரர்கள் அதை இந்திய ஃபேஷன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இந்தியன் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி: "உங்க கடை எங்கே இருக்கு?"

மலாவியில் இந்தியர் என்றால் பெரும்பாலும் குஜராத்தி வியாபாரிகள்தான். அவர்களும் நகரங்களில்தான். 1970-களில், ஜனாதிபதி பண்டாவின் ஆட்சியில், ஆசிய வியாபாரிகள் கிராமத்துக் கடைகளைக் காலி பண்ணிக்கொண்டு சில நகரங்களுக்குப் போய்விட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அதனால் கிராமத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிற இந்தியன் ஒரு காட்சிப் பொருள். கடையும் இல்லை, காரும் இல்லை என்றதும் ஒரு பெரியவர் மனம் தாங்காமல், "பெப்பானி" என்றார். 'அடப் பாவமே' என்று அர்த்தம்.

* * *

காலை ஐந்துக்கு எழுந்தால் கரி அடுப்பை ஊதி வெந்நீர். ஒரு பக்கெட்டில் குளியல். மின்சாரம் கிடையாது; செல்போன் சார்ஜ் பண்ணக் கடைத்தெருவுக்குப் போய்க் காசு கொடுக்க வேண்டும். ஆறரைக்கு சைக்கிள். பள்ளிக்கூடம் 9 கிலோமீட்டர்.

9 கிலோமீட்டர் பெரிசில்லை. வழியில் வணக்கம் சொல்வதுதான் பெரிசு! "முவாட்ஸுக்கா ப்வாஞ்சி?" என்பார்கள். 'எப்படி விழித்தீர்கள்?' என்று அர்த்தம். 'நன்றாக விழித்தேன், நீங்கள்?' என்று நாம் கேட்டு, அவர் பதில் சொல்லி, அப்புறம்தான் மற்றப் பேச்சு. சைக்கிளில் போகிறபடியே கை ஆட்டினால் மரியாதையில்லை. இறங்கி நிற்கணும். நம் ஊர் பஸ் ஸ்டாப்பில் ஒரே ஆளை ஆறு வருஷமாகத் தினமும் பார்த்தும் பேர் கேட்காதவன் நான். அங்கே ஒரு மாதத்தில் நாற்பது குடும்பங்கள் எப்படி விழித்தன என்று எனக்கு அத்துப்படி.

சாப்பாடு 'ந்ஸிமா'. வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி. தொட்டுக்கொள்ளப் பூசணிக் கீரை, பீன்ஸ், அல்லது நம் நெத்திலி மாதிரி 'உசிப்பா' கருவாடு. சாப்பிடுமுன் சொம்பும் பேசினுமாக வந்து கை கழுவ ஊற்றுவார்கள். கையாலேயே உருட்டிச் சாப்பிடணும். இதில் மட்டும் எனக்கு யாரும் பயிற்சி தர வேண்டியிருக்கவில்லை!

சாலையோரம் குச்சியில் கோத்த வறுத்த எலியும் விற்பார்கள். அதில் நான் தோல்வி. ஆனால் முதல் மழைக்குப் பிறகு தட்டு நிறைய வறுத்த ஈசலை நீட்டினார்கள். "ஐயையோ, இதெல்லாம் சாப்பிடுவீங்களா?" என்று நான் அலறுவேன் என எதிர்பார்த்தார்கள். "எங்க பாட்டி இதுல அரிசியும் சேர்த்து வறுப்பாங்க" என்றேன். அன்றிலிருந்து நான் ஊர்க்காரன்.

ஹெட்மாஸ்டர் ஒருநாள், "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க, லைஸ் போடறோம்" என்றார். இங்கிலீஷில் லைஸ் என்றால் பேன்! ஈசல் சரி, எலிகூட சரி, பேனா? ரெண்டு நாள் தூக்கமில்லை. போனால், ஆவி பறக்க அரிசிச் சோறு! சிச்சேவா மொழி பேசுகிறவர்களுக்கு 'ர'வும் 'ல'வும் ஒன்றுதான். நாக்கில் இடம் மாறிக்கொள்ளும். சிரிப்பு வந்தது. அப்புறம் நம் ஊர் மார்க்கெட்டில் 'வாயப்பயம்' வாங்கியதெல்லாம் நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொண்டு இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டேன்.

* * *

பள்ளிக்கூடத்தின் மணி, மரத்தில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பழைய லாரிச் சக்கரத்தின் இரும்பு ரிம். இரண்டாம் வகுப்புக்கு ஓர் அறை. ஜன்னல் உண்டு, கதவு கிடையாது. பெஞ்சு கிடையாது. சுவரில் கறுப்புப் பெயின்ட் அடித்த இடம்தான் போர்டு. தரையில் 118 குழந்தைகள். அச்சுப் பிழை இல்லை. நூற்றுப் பதினெட்டு.

இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. முப்பது வருஷம் ஆண்ட பண்டா 1994 தேர்தலில் தோற்றார். புது அரசு அதே வருஷம் தொடக்கக் கல்வியில் கட்டணம் இல்லை என்று அறிவித்தது. சுமார் 19 லட்சமாக இருந்த பிள்ளைகள் எண்ணிக்கை ஒரே வருஷத்தில் 30 லட்சத்தை நெருங்கியது. கட்டடம்? ஒரே வருஷத்தில் முளைக்குமா? சுமார் 20,000 ஆசிரியர்களை, பெரும்பாலும் பயிற்சி இல்லாமலே, அவசரமாக எடுத்தார்கள். கதவைத் திறந்துவிட்டார்கள், பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அது பெரிய காரியம். ஆனால் வந்த கூட்டத்துக்கு உட்கார இடம் கொடுக்கிற வேலை அதற்கப்புறமும் பல வருஷங்களுக்கு முடியவில்லை.

அந்த 118 பேருக்கு ஒரே டீச்சர். முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். முதுகில் 'சித்தெஞ்சே' துணியால் கட்டிய கைக்குழந்தை. நவம்பர் கடைசியில் ஒருநாள் அவர் கணக்கு வகுப்பைக் கவனிக்கப் போனேன். கையில் அட்டையும் ஒரு பாரமும். பாரத்தில் 24 கேள்விகள். 'குழுவாகக் கற்பிக்கிறாரா?' 'ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கவனம் தருகிறாரா?' என்று போகும்.

35 நிமிஷப் பாடம், 118 குழந்தைகள். தலைக்கு 18 விநாடிகூட வராது. அந்தக் கணக்கை நான் அப்போது போட்டுப் பார்க்கவில்லை, பாருங்கள்! டீச்சர் இங்கிலீஷில் "வன், டூ, த்ரீ..." என்று சொல்லச் சொல்ல, பிள்ளைகள் கூரை அதிரக் கத்தின. போர்டில் 7+6 என்று எழுதி 13 என்று அவரே விடையும் போட்டார். "புரிஞ்சுதா?" "யெஸ் மேடம்!" அவ்வளவுதான் பாடம். நானும் கூசாமல் ஐந்துக்கு ஒன்று, ஐந்துக்கு இரண்டு என்று மார்க் போட்டேன். அன்றே பாரம் வட்டார அதிகாரி ஆபீஸுக்குப் போய்விட்டது.

டீச்சர் பாரத்தைத் தலைகீழாகவே படித்துவிட்டார் போல. போகும்போது பணிவாகச் சொன்னார்: "அச்சிமுவேனே, நாளைக்கு நீங்க ஒரு கிளாஸ் எடுத்துக் காட்டுங்களேன். பாத்துக் கத்துக்கறேன்." 'அச்சிமுவேனே' என்றால் 'சகோதரரே'.

அது நிஜப் பணிவா, இல்லை வேறு ஏதாவதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

* * *

ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் குச்சிகளை ஒடித்தேன். காசு செலவில்லாமல் அக்கம்பக்கத்தில் கிடைப்பதை வைத்துப் பாடம் நடத்துவதற்கு மலாவியில் 'டாலுலார்' என்று ஒரு பெயரே உண்டு. சோடா மூடி, குச்சி, சோளக்கட்டை எதுவும் ஆகும். பத்துப் பத்துக் குச்சியாக, பழைய சைக்கிள் டியூபை அறுத்துக் கட்டினேன். பத்துக்கள் என்றால் கட்டு, ஒன்றுகள் என்றால் உதிரி. நம் ஊரில் நூறு பயிற்சி வகுப்பில் கைதட்டல் வாங்கித் தந்த பாடம்!

எட்டெட்டுப் பேராக 14 குழு, மிச்சம் ஆறு பேரை இன்னொரு குழு. குச்சிகளைக் கொடுத்தேன். ஐந்தாவது நிமிஷம் குச்சிகள் துப்பாக்கியாயின. ஏழாவது நிமிஷம் புல்லாங்குழல். ஒருவன் கட்டைப் பிரித்து டியூபை எடுத்து உண்டிவில் செய்துவிட்டான். இருபதாவது நிமிஷம் அறை, சந்தை.

"சைலன்ஸ்!" என்று கத்தினேன்.

"சைலன்ஸ்!" என்று 118 பேரும் சந்தோஷமாகத் திருப்பிக் கத்தினார்கள். வாத்தியார் சொன்னதைத் திருப்பிச் சொல்லுவதுதானே பாடம்!

வேர்த்துக் கொட்டியது. 7+6 எவ்வளவு என்று கேட்டால் பதினொன்று, பதினேழு என்று ஏலம் போனது. அப்போதுதான் பின்னால் நின்ற டீச்சர் ஒரு தாளத்தில் கை தட்டினார். தட், தட், தட்தட்தட். பிள்ளைகள் அதே தாளத்தைத் திருப்பித் தட்டினார்கள். அடுத்த நொடி, நிசப்தம்!

முதுகுக் குழந்தையோடு முன்னால் வந்தார். இங்கிலீஷை விட்டுவிட்டார். சிச்சேவாவில் ஒரு பையனைக் கூப்பிட்டு 'ஏழு காட்டு' என்றார். அவன் ஒரு கையை முழுசாக விரித்தான், மறுகையில் இரண்டு விரல். ஒரு பெண்ணைக் கூப்பிட்டு 'ஆறு காட்டு' என்றார். ஒரு முழுக்கை, ஒரு விரல். இருவரின் முழுக்கைகளையும் பிடித்துச் சேர்த்து உயர்த்தினார். "கூமி!" என்று வகுப்பு கத்தியது. கூமி என்றால் பத்து. மிச்ச விரல்கள் இரண்டும் ஒன்றும் மூன்று. ஆகப் பதிமூன்று.

அப்புறம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் ஜோடி சேர்ந்துகொண்டார்கள். 8+7, 9+6... அறை முழுக்கக் கைகள் முளைத்தன. குச்சி வேண்டாம், கட்டு வேண்டாம். டாலுலார் என்று நான் ராத்திரி முழுக்க ஒடித்தேனே, அதை ஆளுக்கு இரண்டாகப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள்!

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிச்சேவா மொழியில் ஐந்துக்கு மேல் தனிப் பெயர் கிடையாது. ஐந்து 'ஸிஸானு'. ஆறு என்பதற்கு 'ஸிஸானு ந்தி சிமோட்ஸி', அதாவது 'ஐந்தும் ஒன்றும்'. ஏழு 'ஐந்தும் இரண்டும்'. ஒன்பது 'ஐந்தும் நான்கும்'. பத்துக்குத்தான் மறுபடி புதுப் பெயர். 99 என்று சொல்வதற்குள் மினிபஸ் போய்விடும். அதனால்தான் கடையில் விலை சொல்ல இங்கிலீஷ் எண். அதே பழக்கத்தில், சிச்சேவாவில் நடக்கிற பாடத்திலும் எண்ணுக்கு மட்டும் இங்கிலீஷ். 'செவன்' என்றால் அந்தக் குழந்தைக்கு வெறும் சத்தம். 'ஐந்தும் இரண்டும்' என்றால் பாதிக் கணக்கு பெயரிலேயே முடிந்துவிட்டது!

நம்மிடமும் வேடிக்கை உண்டே. இருபது, முப்பது, நாற்பது என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்து, எண்பதுக்கு அப்புறம் திடீரென்று 'தொண்ணூறு' என்று நூறை இழுக்கிறோம். எண்ணூறுக்கு அப்புறம் 'தொள்ளாயிரம்' என்று ஆயிரத்தை இழுக்கிறோம். அங்கே தடுக்கி விழுகிற பிள்ளையைத் தலையில் குட்டுகிறோமே தவிர, வழியில் கிடக்கிற கல்லை யார் பார்க்கிறார்கள்?

வகுப்பு முடிந்ததும் கேட்டேன். "மேடம், இது நேத்தே தெரியுமில்ல? ஏன் இப்படி நடத்தலே?"

"நேத்து நீங்க பேப்பரோட வந்தீங்க. பேப்பர் வந்தா, பேப்பருக்குப் பிடிச்ச மாதிரி நடத்துவோம். புஸ்தகத்துல இங்கிலீஷ்லதானே எண்ணுது?"

ஆபீஸில் ஆடிட்டர் வருகிற நாளில் நாமெல்லாம் எப்படி வேலை செய்கிறோம் என்று நினைத்துப் பார்த்தேன். மேற்கொண்டு பேசவில்லை.

* * *

பேசாமல் இருந்துவிட முடியவில்லை. நான் போட்ட மார்க்குக்கு ஒரு விளைவு இருந்தது. குறைந்த மார்க் வாங்கியவர்களுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இரண்டு வாரக் கட்டாயப் பயிற்சி. நல்லதுதானே என்கிறீர்களா? அந்த டீச்சருக்கு ஒரு ஏக்கர் மக்காச்சோளம் இருந்தது. அந்த மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. மலாவியில் மழை நவம்பர், டிசம்பரில் ஆரம்பித்து ஏப்ரல் வரை. டிசம்பர் கடைசிதான் களை எடுத்து உரம் வைக்கிற நேரம். விட்டால் போச்சு. ஜனவரி, பிப்ரவரி எப்படியும் பசி மாதங்கள். பழைய தானியம் தீர்ந்திருக்கும், புதுசு வந்திருக்காது. போதாக்குறைக்கு அந்த வருஷம் வறட்சி. 2016 ஏப்ரலில் ஜனாதிபதியே தேசியப் பேரிடர் என்று அறிவித்திருந்தார். அப்படிப்பட்ட வருஷத்தில், என் பால்பாயின்ட் பேனா ஒரு குடும்பத்தின் களி உருண்டையில் கை வைத்திருக்கிறது.

மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு வட்டார ஆபீஸுக்கு ஓடினேன்.

"எழுதினதை மாத்த முடியாதே" என்றார் அதிகாரி.

"சார், நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"இருக்கலாம். ஆனா ஃபைல்ல நம்பர் போட்டாச்சு."

கடல் தாண்டி, மலை ஏறிப் போயும் அதே ஃபைல், அதே நம்பர்! எனக்குச் சொந்த ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. ரொம்ப நேரம் விழித்திருப்பேன் போலிருக்கிறது. அவரே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். "இரண்டாவது தடவை போய்ப் பாத்ததா ஒரு பாரம் எழுதுங்க. கடைசியா எழுதினதுதான் செல்லும்."

எழுதினேன். 'கையால் கணக்குச் சொல்லித் தருகிறாரா?' என்று 24 கேள்விகளில் ஒன்றுகூட இல்லை. கடைசியில் 'குறிப்பு' என்று அரை அங்குலம் இடம் இருந்தது. அதில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதினேன். அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, "இனிமே முதல் தடவை போறப்போ பேப்பரை சைக்கிள்லயே வச்சிட்டுப் போங்க" என்றார். இரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான பயிற்சி அதுதான்.

சனிக்கிழமை ஆசிரியர் மையத்தில் சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கூட்டம். பாடத்தை அந்த டீச்சரே நடத்தட்டும் என்று கேட்டேன். ஒரு நிமிஷம் யோசித்தார்.

"நடத்தறவங்களுக்கு அலவன்ஸ் உண்டா?"

"உண்டு."

"அப்போ வரேன்."

வந்தார். நாற்பது ஆசிரியர்களைக் கையைத் தூக்க வைத்தார். முதுகுக் குழந்தை மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. முடிந்ததும் ரெஜிஸ்டர் வந்தது. 'பயிற்சி அளித்தவர்' என்ற இடத்தில் அவர் கையெழுத்து. 'பயிற்சி பெற்றவர்கள்' பட்டியலில் கடைசி வரிசை காலியாக இருந்தது. அதில் நான் போட்டேன்.

2017-இல் மழை ஏமாற்றவில்லை. மார்ச் மாதத்தில் ஒரு விடியற்காலை, வாசலில் குரல்.

"ஓடீ...!"

இந்த முறை ஓடவில்லை. "ஓடினி!" என்றேன். டீச்சர். கூடையில் பச்சை மக்காச்சோளக் கதிர்கள். ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் வைத்தார். ஐந்து ஆனதும் நிறுத்தினார், நான் எண்ணுகிறேனா என்று பார்த்தார். அப்புறம் இன்னொன்று வைத்தார்.

"ஸிஸானு ந்தி சிமோட்ஸி" என்றேன்.

"பாஸ்!" என்றார் டீச்சர்.